ஒன்பதாவது பெயர்

கல்லில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது பெயர் சுருளி.

அந்தக் கல்லுக்கு முன்னால் காக்கிச் சட்டையோடு நின்றவரும் அதே சுருளிதான்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரிப்பாறை கிரானைட் குவாரி. மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது அது அருங்காட்சியகம். இருநூறு அடிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் கம்பி வேலி, இறங்கிப் பார்க்கப் படிக்கட்டு, துருவைச் சுரண்டி மஞ்சள் பெயின்ட் அடித்த கிரேன். இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை திறப்பு விழா. குவாரியில் இறந்தவர்களுக்கு நினைவுக் கல் திறப்பதும் அன்றைக்குத்தான். சுருளிக்கு அங்கே வாசல் வேலை. டிக்கெட் கிழிக்க வேண்டும், பள்ளத்து ஓரம் போய் செல்ஃபி எடுப்பவர்களை விரட்ட வேண்டும்.

"சார், நான் சாகலை சார்" என்றார், மூன்றாவது தடவையாக.

"எனக்குத் தெரியாதா? போன வாரந்தானே யூனிஃபார்ம் குடுத்தேன்" என்றார் பொறுப்பாளர் இன்பசேகரன்.

"பின்ன எப்படி சார் கல்லுல எம்பேரு?"

இன்பசேகரன் கெட்டவர் இல்லை. மிஷன் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஆதாரம் இல்லாத வரியைப் பரீட்சைத் தாளில் பார்த்தாலே சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஆபீசுக்குள் கூட்டிப்போய், மேஜையில் இருந்த பழைய நோட்டை அவர் திருப்பிக் காட்டினார். குவாரி ஆபீஸ் பீரோவுக்குள் கிடைத்த மேஸ்திரியின் நாள்குறிப்பு. 'நம்பர் 47. சுருளி. கல் சரிந்து மரணம்.'

"இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

சுருளிக்கு அந்த நம்பர் மறக்குமா? பள்ளத்தில் இறங்குகிறவர்கள் தங்கள் நம்பர் அடித்த பித்தளை வில்லையை மேஸ்திரியின் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மூன்று நாள் வில்லை மாட்டாவிட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும். நம்பர் போனால் வேலை போச்சு. அதனால் ஊருக்குப் போகிறவன் தன் வில்லையை வேண்டப்பட்ட ஒருவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். மேஸ்திரிக்கும் அது தெரியும். கல் மேலே வந்தால் சரி, யார் அறுத்தால் என்ன?

2009, ஆவணி மாதம். உசிலம்பட்டியில் சுருளியின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. "மாப்ள, நாலு நாளைக்கு என் வில்லைய மாட்டிரு" என்று கூட்டாளி நல்லகாமனிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். நல்லகாமனுக்குச் சொந்த நம்பர் கிடையாது. அழைத்தால் இறங்குவான்.

மூன்றாம் நாள் கல் சரிந்தது.

நம்பர் இல்லாத ஆளை இறக்கினதற்குக் கேஸ் வரும் என்று பயந்து, மேஸ்திரி உடலை வேனில் ஏற்றி நேராக வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார். நெஞ்சுவலி என்று ஊருக்குச் சொன்னார். தன் நோட்டில் மட்டும் பலகையில் தொங்கிய நம்பரைப் பார்த்து எழுதிவைத்தார்.

"மேஸ்திரி வந்து சொன்னா மாத்துவீங்களா சார்?" என்று கேட்டார் சுருளி.

"தாராளமா."

"அவரு செத்துட்டாரே."

"அப்ப நல்லகாமனோட இறப்புச் சான்றிதழைக் கொண்டாங்க."

அதற்கு ஒன்பது நாள் அலைந்தார். ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை. ஒரு நாள் எழுத்தர் லீவு. இன்னொரு நாள், வந்த நகலில் பெயர் சரியாக இருந்து வருடம் தப்பாக இருந்தது. கடைசியில் கிடைத்த தாளை இன்பசேகரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இறந்த இடம்: வீடு. காரணம்: மாரடைப்பு.

"பாத்தீங்களா? நீங்க கொண்டாந்த பேப்பரே அவரு குவாரியில சாகலைங்குது."

"சார், பாறைய நெம்பி அவன எடுத்த ஆளுங்க இன்னும் உயிரோட இருக்காங்க சார்!"

"எழுத்துல இருக்கா? ஒண்ணு செய்யலாம். நீங்க ஆதார் கார்டோட எதுக்க நிக்கிறீங்க. உங்க பேரை எடுத்துரலாம். அவர் பேரைச் சேர்க்கத்தான் எங்கிட்ட ஆதாரம் இல்லை."

"அப்ப எட்டுப் பேரா?"

"எட்டுப் பேர்."

சுருளி மேஜையைக் குத்தப் போய், கையை மடக்கிக்கொண்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. விழாவுக்குக் கூரியரில் அழைப்பிதழ் வந்திருந்தது. 'மறைந்த சுருளி அவர்களின் துணைவியார்' என்று உறையிலேயே அச்சடித்திருந்தார்கள். முத்துமீனா அதை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் பூ வச்சுக்கிட்டு வரணுமா, வைக்காம வரணுமா? உங்க சார்ட்ட அதையும் கேட்டுட்டு வாங்க."

"ஏன்டி, நான் என்ன வேணும்னா செத்தேன்?"

"கழுத்துல தாலியோட இருக்கவள முண்டச்சியாக்கி கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. நீங்க அந்தக் கல்லுக்கே காவல் நிக்கிறீங்க. அந்தப் பேரு அங்கன இருக்கக் கூடாது, அம்புட்டுதான்."

வியாழக்கிழமை காலை, கல் வேலை பார்க்கும் ராஜபாண்டி கிரைண்டரோடு வந்துவிட்டான். ஒயரை நீட்டி, ஒன்பதாவது பெயருக்கு மேல் சாக்பீஸால் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது ஒரு குரல் கேட்டது.

"அந்த மிஷின நிப்பாட்டுய்யா!"

நல்லகாமனின் மனைவி மலையம்மாள். விஷயம் காதில் விழுந்ததும் வேலைக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். சுருளிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினைந்து வருடமாகவே முடிந்ததில்லை.

"என்னண்ணே, எட்டு ஆக்கப் போறாகளாமே?"

"உம் புருசன் பேர வைக்கத்தான் தாயி நடையா நடந்தேன். எம்பேர எடுக்கிறதுல வந்து நிக்கிது."

இன்பசேகரன் வேகமாக வெளியே வந்தார். கிரைண்டரையும் மலையம்மாளையும் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. "அம்மா, நம்பர் 47ன்னு மட்டும் போட்டுறலாமா? அது ரெக்கார்டுல இருக்கு. யாரும் கேள்வி கேக்க முடியாது."

"நம்பரா? எம் புருசன் என்ன டவுன் பஸ்ஸா சார்?"

ராஜபாண்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிரைண்டரைத் துடைத்தான்.

மலையம்மாள் கல்லின் அருகே போனாள். எழுத்தின் மேல் விரலை வைத்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணினாள்.

"எட்டுன்னு ஆயிட்டா, எம் புருசன் இந்தக் குழியில சாகவே இல்லைன்னு ஆயிரும். பேரு தப்பா இருந்தாலும் கணக்காவது சரியா இருக்கட்டும். அண்ணே, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். இப்போதைக்கு நீங்க செத்தவராவே இருங்க."

ஒரு பெயரைச் சேர்க்க இரண்டு வாரம் ஓடி, கடைசியில் தன் சாவுக்குச் சம்மதம் கொடுக்கிற இடத்தில் வந்து நிற்கிறாரே!

"ஒயரச் சுத்துப்பா" என்றார் ராஜபாண்டியிடம். இன்பசேகரன் உடனே ஒரு தாளை நீட்டினார். "பேரை எடுக்க வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க." சுருளி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு முத்துமீனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலை இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டாள். தாலியைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு விழாவுக்குக் கிளம்பினாள்.

பந்தலில் நல்ல கூட்டம். பெரிய அதிகாரி ஒருவர் பொன்னாடை போர்த்த, எட்டுக் குடும்பங்கள் ஏறி இறங்கின.

"அடுத்து, மறைந்த சுருளி அவர்களின் துணைவியார்!"

யாரும் எழவில்லை. மலையம்மாள் எப்படிப் போவாள்? இன்னொருத்தர் பெண்டாட்டியாகவா? வாசலில் நின்ற சுருளி எட்டிப் பார்த்தார். மைக் மறுபடி கூப்பிட்டது.

முத்துமீனா எழுந்தாள். நேராக மேடைக்குப் போகாமல் கடைசி வரிசைக்குப் போய் மலையம்மாளின் கையைப் பிடித்தாள்.

"நான் எப்படி மதினி..."

"வாடி, எங்கூட."

அவளை இழுத்துக்கொண்டே மேடையேறி, அதிகாரி நீட்டிய பொன்னாடையை மலையம்மாள் தோளில் முத்துமீனாவே போர்த்தினாள். மைக் பக்கம் திரும்பினாள்.

"சுருளி எம் புருசன். அந்தா, கேட்டுல நிக்கிறாரு. செத்தது இவ புருசன், நல்லகாமன். எல்லாரும் கேட்டுக்கங்க."

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். "கவனிக்கச் சொல்றேம்மா" என்றார் அதிகாரி. புகைப்படக்காரர்கள் எடுத்துத் தள்ளினார்கள்.

சுருளிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதுவும் மறுநாள் பேப்பர் வரும்வரைதான். இரண்டு பெண்களும் நிற்கும் படத்துக்குக் கீழே அச்சாகியிருந்தது: 'மறைந்த சுருளியின் மனைவி மற்றும் உறவினர்.'

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் சுருளி போய் இன்பசேகரன் முன்னால் நின்றார்.

"மேடையில அம்புட்டுப் பேரு கேட்டாகளே சார்."

"நானும்தான் கேட்டேன். நானும்தான் கை தட்டினேன்." இன்பசேகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா பேச்சு ஆதாரம் ஆகாதே, சுருளி. இதுல பேப்பர் வேற உங்களைச் செத்தவர்னு போட்டிருக்கு. அதையும் ஃபைல்ல வைக்கணும். அன்னிக்கு அவரை எடுத்த ஆளுங்க எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

"மூணு பேரு."

"மூணு பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட வைங்க. நான் மேலிடத்துக்கு அனுப்புறேன்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒன்பது நாளு..." என்று ஆரம்பித்த சுருளி, பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். மூவரில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் கேரளாவில். மூன்றாமவருக்குக் கையெழுத்தே போடத் தெரியாது.

வெளியே சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்றிருந்தது. குடும்பத்தோடு இறங்கிய ஒருவர் கல்லின் முன்னால் நின்று, பெயர்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். எட்டை முடித்து ஒன்பதுக்கு வந்தார்.

"அத மட்டும் நல்லகாமன்னு படிங்க" என்றார் சுருளி.

"ஏங்க? சுருளின்னுல்ல போட்டிருக்கு?"

"செத்தது நல்லகாமன்."

"அப்ப சுருளி யாரு?"

"நான்தான். டிக்கெட்டக் காட்டுங்க."