இரண்டு பட்டறை வெங்காயம்

போன வருஷம் சென்னைக்குப் போய் மூக்கறுபட்டு வந்த பிறகுதான் விஞ்ஞானி சிவரஞ்சனிக்குப் புத்தி வந்தது. நாற்பது படம் போட்டு விளக்கப் போனாள். எட்டாவது படத்திலேயே வேளாண்மைத் துறை அதிகாரி அறிவழகன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "நான் எதை முடிவு பண்ணணும்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லையேம்மா" என்றார். நியாயமான கேள்வி என்பதால் ரொம்பவே சுட்டது.

இந்த வருஷம் ஒரே தாள். அதில் ஒரே கேள்வி. சின்ன வெங்காயம் அழுகாமலிருக்க நுண்ணுயிர்ப் பொடி தூவும் சோதனையைப் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் நாற்பது ஊர்களுக்குக் கொண்டுபோக அரசு பணம் தருமா, தராதா? தராவிட்டால் மார்ச்சோடு மூடுவிழா. மூன்று வருஷ உழைப்பும் அலமாரிக்குப் போய்விடும். படிக்க நேரமில்லாதவர் பத்து நிமிஷம் கண்ணால் பார்க்கட்டும் என்று அவரைச் சோதனை நடக்கும் குரும்பலூருக்கே கூப்பிட்டாள். அவரும் வந்துவிட்டார்.

மூன்று வருஷமாகச் சோதனைக்கு இடம் தந்த விவசாயி மலர்கொடியின் காட்டில் குச்சி நட்டுக் கீற்று வேய்ந்து விதை வெங்காயம் குவித்த பட்டறைகள் இரண்டு அருகருகே இருந்தன. ஒன்றில் பொடி தூவியிருந்தது, மற்றதில் இல்லை. தூவாத பட்டறை போன வாரம் வரை மூக்கைப் பிடிக்க வைத்தது. நாம் வாயே திறக்க வேண்டாம், நாற்றமே பேசிக்கொள்ளும் என்று சிவரஞ்சனி தெம்பாக வந்திருந்தாள்.

அறிவழகன் இரண்டு பட்டறையிலும் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். இரண்டிலும் வெங்காயம் மணி மணியாக இருந்தது. "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அப்புறம் பொடி எதுக்கு?"

சிவரஞ்சனி மலர்கொடியை ஓரமாகக் கூட்டிப் போனாள். "அக்கா, பொறுக்குனீங்களா?"

"பின்ன? பெரிய ஆபீசர் வர்றப்ப அழுவுன வெங்காயத்தயா காட்டுவாங்க? நேத்து ரெண்டு ஆளு வச்சு ரெண்டு பட்டறையும் பொறுக்கிப்புட்டேன். உங்க மானத்தக் காப்பாத்தத்தான்."

வந்த கோபம் வந்த வேகத்திலேயே போயிற்று. அதிகாரி வருகிறார் என்றால் சாக்கடை ஓரத்துக்கே சுண்ணாம்பு போடுகிற சீமை இது. மலர்கொடியைச் சொல்லி என்ன? முன்கூட்டியே சொல்லி வைக்காதது தன் தப்பு. மழுப்பிவிடலாம், ஆனால் சிவரஞ்சனிக்கு அது வராது.

"சார், உங்களுக்கு மரியாதைன்னு நேத்து அழுகலைப் பொறுக்கிட்டாங்க. சொல்லி வைக்காதது என் தப்பு. போன வாரம் வரைக்கும் வாராவாரம் போட்ட அழுகல் எடை இந்தத் தாள்ல இருக்கு. இந்த வாரக் கட்டத்தைக் காலியா விட்டுடுறேன். குத்துமதிப்பா ஒண்ணை எழுத மாட்டேன்."

அறிவழகன் தாளை வாங்கி எடைக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"காலியா ஏன் வுடணும்?" என்றாள் மலர்கொடி. "பொறுக்குனத நான் குப்பையிலயா கொட்டுனேன்? கலக்காதீங்கக்கா, கலக்காதீங்கக்கான்னு மூணு வருசமா என் உயிர வாங்குனீங்கல்ல? தனித்தனிச் சாக்குல கட்டி, சீட்டு எழுதி வச்சுருக்கேன். வேப்பமரத்தடியில கெடக்கு, எடை போட்டுக்குங்க."

தராசு வந்தது. அறிவழகன் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தானே முள்ளைப் பார்த்தார். பொடி தூவிய பட்டறையின் அழுகல் பதினொரு கிலோ. தூவாததில் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு சாக்கிலும் மலர்கொடியின் கோணல் எழுத்தில் தேதி, பட்டறை எண், பொறுக்கிய ஆளின் பெயர். ஆள் பெயரை எழுதச் சொல்லி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சிவரஞ்சனிக்கு முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

"நாற்பது ஊர்லயும் இப்படிக் கலக்காம எடுத்து வைக்க ஆள் வேணுமே?" என்றார் அறிவழகன்.

சிவரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் மலர்கொடி முந்திக்கொண்டாள். "அரியலூர்ப் பக்கம் விக்கிரமங்கலத்துல என் தங்கச்சி இருக்கா சார். மத்த ஊருக்கெல்லாம் நானே போயிச் சொல்லித்தரேன்."

தாளின் அடியில் 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி அறிவழகன் கையெழுத்துப் போட்டார். பிறகு குனிந்து சாக்கிலிருந்த சீட்டுகளைப் பிரித்தெடுத்து மலர்கொடியிடம் பேனாவை நீட்டினார். "இதுலயும் கையெழுத்துப் போடுங்கம்மா. கோப்புல வைக்கணும்."

அவள் இனிஷியலோடு நிதானமாகப் போட்டாள். சீட்டுகள் அழுகல் நீரில் ஊறியிருந்தன. அவை காயட்டும் என்று அறிவழகன் விரல் நுனியில் பிடித்துக்கொண்டே கார் வரைக்கும் நடந்தார்.