குடுவைக்குள் விழுந்த பனிக்கட்டி

"இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க அக்கா. சும்மா பேருக்குத்தான்" என்று மேதை தாளை நீட்டினார்.

மேதை என்பது நான் அவருக்கு வைத்த பெயர். நேரில் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டார், நம்பிவிடுவார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவர். நான் முப்பது வருடமாக அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவி, கரைசல் கலந்து, அவர் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பவள். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு.

தாளைப் படித்தேன். குழாய்த் தண்ணீரில் குடுவையை அலசியது என் கவனக்குறைவு, அதனால்தான் நொதி பாழானது என்று எழுதியிருந்தது. கீழே என் பெயர், அதற்குக் கீழே கோடு.

"நான் காய்ச்சி வடிச்ச தண்ணியில மூணு தடவ அலசுறவ சார்."

"மனுஷங்கதானே அக்கா. ஒரு நாள் மறந்திருப்பீங்க."

"நீங்க எதையும் மறக்கலையா?"

"நானா?" என்று சிரித்தார். அந்தக் கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

பதினொரு நாள் வேலை அது. கசாப்புக் கூடத்திலிருந்து சதை வாங்கி, அரைத்து, வடித்து, கடைசியில் ஒரு குடுவையின் அடியில் கொஞ்சம் கால்பெய்ன் சேர்த்திருந்தோம். புரதங்களை வெட்டுகிற நொதி. பெரிய துண்டு ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் ஒட்டிக்கொண்டு ஜோடியாக இருக்கும். பெரியதில்தான் வெட்டுகிற இடம். அந்த இடமும் சாதாரணமாக இரண்டு பாதியாக விலகியே நிற்கும், வாயை மூடத் தெரியாத கத்தரி மாதிரி. கால்சியம் வந்து ஒட்டினால்தான் பாதிகள் நெருங்கும், வெட்டும். உடம்புக்குள் அதை அடக்கிவைக்க வேறொரு புரதம் உண்டு. குடுவைக்குள் யார் அடக்குவது? எதிரில் வேறு எதுவும் இல்லையென்றால் தன்னையே வெட்டிக்கொள்ளும். அதனால் கால்சியத்தைப் பிடித்துவைக்க ஒரு மருந்து கலந்திருப்போம். அளவெடுப்பதற்காக அதையும் முந்தின நாளே நீக்கியிருந்தோம். கடைசி நாள், தூசுகூடப் படக்கூடாத நாள்.

அன்றைக்குப் பார்த்துக் குளிர் அறை நின்றுபோனது. மேதை கூச்சல் போட்டார். "சூடாகுது! சூடாகுது!" நடைக்கூடத்து இயந்திரத்திலிருந்து ஒரு கரண்டி பனிக்கட்டியை அள்ளி வந்தார். குடுவையைச் சுற்றி வைப்பார் என்று நினைத்தேன். உள்ளே போட்டார்.

"சார், வெளியில வைக்கணும்!"

"ஐஸ்தானே அக்கா, வெறும் தண்ணிதானே. சீக்கிரம் குளிரும்."

வெறும் தண்ணீராம். அந்த இயந்திரம் குழாய்த் தண்ணீர் குடிக்கிறது. மாதம் ஒருமுறை அதன் தட்டில் படிகிற வெள்ளைப் படிவை வினிகர் ஊற்றிச் சுரண்டுபவள் நான். அது சுண்ணாம்பு, அதாவது கால்சியம். சுவரில் ஆறு பட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற மனிதருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தன் கை செய்த காரியத்துக்குப் பொருந்தும் என்று தோன்றியிருக்காது.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். "நாளைக்குச் சொல்றேன் சார்."

"என்னக்கா பெரிய யோசனை? நாளைக்கு டைரக்டர் மேடம் வர்றாங்க, அவங்க முன்னாடி முடிச்சிடலாம்."

ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எடுத்து உறைய வைப்பது என் பழக்கம். "பிச்சைக்காரப் புத்தி அக்கா உங்களுக்கு" என்பார் மேதை. மருந்தை நீக்கிய பிறகு, பனிக்கட்டி விழுவதற்கு முன் எடுத்த சிறு குப்பி அப்படியே இருந்தது. அதை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றை நான் கழுவிய குடுவையில் விட்டேன். இன்னொன்றில் அந்த இயந்திரத்துப் பனிக்கட்டியை உருக்கிக் கொஞ்சம் விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும், புரதங்களை அளவுவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் ஓட்டி, நீலச் சாயம் ஏற்றி, கழுவும் கரைசலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை டைரக்டர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேதை பேனாவோடு தயாராக நின்றார். நான் தாளையும் ஜெல் தட்டையும் ஒன்றாக மேஜைமேல் வைத்தேன்.

"என்னம்மா இது?"

"இடப்பக்கம் இருக்கிறது நான் கழுவின குடுவையில இருந்தது மேடம்."

பெரிய துண்டுக்கு ஒரு கோடு, சின்னதுக்கு ஒரு கோடு. இரண்டும் அழுத்தமாக, முழுசாக இருந்தன.

"வலப்பக்கம்?"

"அதே சரக்குதான். நடைக்கூடத்து ஐஸ் தண்ணி மட்டும் கொஞ்சம் விட்டேன். அன்னைக்கு சார் குடுவைக்குள்ள போட்டாரே, அதே ஐஸ்."

வலப்பக்கம் கோடுகள் இல்லை. மேலிருந்து கீழ்வரை, அழுக்குக் கையால் துடைத்த மாதிரி ஒரு நீலத் தீற்றல். நொதி தன்னையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தது.

மேதை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் மொதல்லயே சந்தேகப்பட்டேன் மேடம். இவங்களைப் பண்ணிப் பாக்கச் சொன்னதே நான்தான்."

எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

டைரக்டர் அம்மா தாளை எடுத்து மெதுவாகப் படித்தார். அவர் விரல் என் பெயருக்குக் கீழே இருந்த வெற்றுக் கோட்டில் வந்து நின்றது.

"அப்ப இதுல யாரு கையெழுத்து போடணும்?"

வெளியே நடைக்கூடத்தில் இயந்திரம் ஒரு தட்டு பனிக்கட்டியைத் தடதடவென்று கொட்டியது. மேதை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் கையில் பேனா இன்னும் திறந்தே இருந்தது.