ராஜாத்தியின் கட்டையில் நின்ற கத்தி

ஹில்டா அடித்த மீன் கத்தி, ஜூன் மாதத்தில் ஒரு காலை காசிமேட்டிலிருந்து தானாகப் புறப்பட்டு, கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சேர்ந்து, சிக்னலுக்கெல்லாம் நின்று, மதியத்துக்குள் எண்ணூர் போய்ச் சேர்ந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அன்று வஞ்சிரம் கிலோ ஆயிரத்து இருநூறுக்கு விற்றது.

தவறு ஹில்டாவுடையதுதான். ராயபுரத்துப் பெண், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்துவிட்டு, திருவொற்றியூரில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய இரும்பில் கத்தி அடிக்கிறவள். கை சுத்தம், வாய் துடுக்கு, பொறுமை மட்டும் கிடையவே கிடையாது. லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டையைச் சில மாதம் வெயிலில் போட்டு, ஓடின ஞாபகம் போன பிறகுதான் உலையில் வைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக் காயலான் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஹில்டா, துறைமுக டிரெய்லரிலிருந்து இறக்கிய சூட்டோடு அடித்துவிட்டாள். கூர் என்றால் அப்படி ஒரு கூர். ஓரிடத்தில் நிற்கத்தான் மாட்டேன் என்றது.

கத்தியை வாங்கிய ராஜாத்தி, காசிமேட்டில் மரக்கட்டை போட்டு மீன் வெட்டித் தருகிற வியாசர்பாடிக்காரி. ஷேர் ஆட்டோவில் துரத்திப்போய்க் கத்தியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள்.

“இன்னாமே ஹில்டா, கத்தி குடுத்தியா, லாரி குடுத்தியா? தட முடியசொல்ல எங்கட்டைல கத்தி இல்லன்னா செல்லக்கனி வந்து குந்திக்குவான். அப்பால எம் பொயப்பு இன்னா ஆவறது?”

தடைக்காலம் முடிந்து முதல் விசைப்படகின் கூடை இறங்கும்போது எந்தக் கட்டையில் கத்தி இல்லையோ, அந்த இடம் கேட்டவருக்கு. அதுதான் அங்கே வழக்கம். சக வெட்டுக்காரன் செல்லக்கனிக்கு ராஜாத்தியின் நிழலான மூலைமேல் வருடக்கணக்காகக் கண். ஹில்டாவுக்கு முதலில் வெட்கம், அடுத்த நிமிடமே குஷி. கொட்டகையில் ஒரு நங்கூரச் சங்கிலித் துண்டு கிடந்தது. கத்திக்கு ஆகாத இரும்பு. சாணையில் வைத்தால் பொறிகூடச் சோம்பலாகத்தான் வரும். ஆனால் நிற்பதற்கென்றே பிறந்தது. படகுகள் திரும்புகிற நாள் விடிந்ததும் அதைப் பிளந்து, ஓடுகாலிக் கத்தியை நடுவில் வைத்து, வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சி இரண்டையும் ஒன்றாக அடித்தாள். கத்தி துள்ளியது, திமிறியது, கடைசியில் அடங்கியது. ஹில்டா சம்மட்டியோடு ஒரு ஆட்டம் போட்டாள்.

“வழில கீய வெச்சிராதக்கா. வெச்சா அங்கியே நின்னுடும்!”

இருவரும் கைமாற்றிக் கைமாற்றிக் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காசிமேட்டில் முதல் படகு கரை தட்டிவிட்டது. கூடை ஆட்கள் தோளில் வருகிறது. செல்லக்கனி தன் கட்டையை உருட்டிக்கொண்டு மூலைக்கே வந்துவிட்டான். ராஜாத்திக்கு வாகு பார்க்க நேரமில்லை. கூர் மேலே பார்க்க, கத்தியின் பிடி போடாத வாலைக் கட்டையில் ஓங்கிக் குத்தினாள். அதே நொடியில் கூடை தரையில் விழுந்தது. மார்க்கெட்டே விசில் அடித்தது.

அதற்குப் பிறகு கத்தியும் அசையவில்லை, அது குத்தி நின்ற கட்டையும் அசையவில்லை. செல்லக்கனி இழுத்தான், சுமை தூக்குகிறவர்கள் சேர்ந்து இழுத்தார்கள், ஐஸ் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் இழுத்துப் பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. ஹில்டாவின் முகம் செத்துப்போனது. அசையாத கத்தியால் எதை வெட்டுவது? ராஜாத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரிவாள்மனைக்குக் கத்தரிக்காயைக் கொண்டுபோவதுபோல வஞ்சிரத்தைக் கத்தியிடம் கொண்டுபோனாள். மீன் வெண்ணெயாகப் பிளந்தது. அன்று அவள் வெட்டிய வேகத்துக்குக் காசிமேட்டில் ஈடே இல்லை. ஹில்டா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

கார்த்திகைப் புயலில் கயிறுகள் அறுந்தபோது, செல்லக்கனியே விசைப்படகுகளை இழுத்துவந்து அந்தக் கட்டையில் கட்டினான். “கூர் பக்கம் கட்டாத நைனா, கவுறு அறுந்துரும்” என்று சொல்லிவிட்டு ராஜாத்தி மீனைத் திருப்பினாள். மறுவருடம் மீன் கூடத்துக்குப் புதுச் சுவர் எழுப்ப வந்த மேஸ்திரி, அவள் மூலை வந்ததும் கட்டையைச் சுற்றி நூலை வளைத்துப் பிடித்தார். சித்தாள்கள் அப்படியே வளைத்துச் செங்கல் அடுக்கினார்கள்.