வெயில் ஏறினால் அக்கா வளர்வாள்

மீன் வெட்டும் கொட்டகையில் வேலை பார்த்த ஐந்து பெண்களும் காலையில் ஓர் உயரமும் நடுப்பகலில் ஓர் உயரமுமாக இருந்தார்கள். வெயில் ஏறினால் நான்கு விரல் வளர்வார்கள். மழை பிடித்துக்கொண்டால் குறுகி, ரப்பர் பூட்ஸுக்குள் தொளதொளவென்று நிற்பார்கள். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி வெட்டுமேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து, மத்தியானம் ஏற்றிச் சாயங்காலம் இறக்கச் சொன்னார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஐவரில் கத்தி வேகம் அதிகம் உள்ளவளின் தங்கை அதே கட்டிடத்தின் மாடியில் வேலை பார்த்தாள். வேதியியல் படித்தவள், அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கப்பலேறும் மீனில் பாதரசம் எவ்வளவு என்று மிஷினில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. அதனால் கொட்டகையில் அவளுக்கு மிஷின் என்று பெயர். சுறாவிலும் பெரிய சூரையிலும் அளவு மீறியிருந்தால் ஆகாது என்று எழுதுவாள். மீன் கப்பலேறாது. கீழே கொட்டகைக்குப் போகும், அங்கிருந்து ஊர்ச் சந்தைக்குப் போகும். வெளிநாட்டான் வயிற்றுக்கு ஆகாதது ஊரான் வயிற்றுக்கு ஆகும் என்பதைக் கொட்டகையில் யாரும் தப்பாக நினைக்கவில்லை. அன்றைய பெரிய மீனின் கழுத்துத் துண்டு வெட்டுகிறவர்களுக்கு இனாம். ஆளுக்கு ஒரு பங்கு. ஐவரில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் மற்ற நால்வரும் தங்கள் பங்கை அவளுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். அது முதலாளி போட்ட சட்டமல்ல, பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அன்பு.

அக்காவுக்கு இரண்டு கரு கலைந்து மூன்றாவது நின்றிருந்தது.

"அக்கா, இது நான் தள்ளின மீனு. என் கையாலயே ஆகாதுன்னு எழுதினேன்."

"வெளிநாட்டானுக்கு ருசி தெரியலே, தள்ளிட்டான். நமக்குத் தெரியுது. விடேன்."

"பாதரசம்க்கா! கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சின்ன மீனையெல்லாம் தின்னு தின்னு பெருசு சேத்து வச்சிருக்கு. நீ அஞ்சு பேர் பங்கைச் சேத்துத் தின்னுறே. உள்ள இருக்கறதோட மூளைக்குப் போயிடும்."

"போன ரெண்டு தடவையும் நான் என்னடி தின்னேன்? நீ சொல்ற மத்தியும் நெத்திலியும்தான். இந்தத் தடவைதான் நிக்குது. கண்ணு வைக்காதே."

கொட்டகையின் மூத்த பெண் செதில் பறக்கச் சிரித்தாள். "நம்ம மிஷினு பட்டம் வாங்கினதே நெத்திலிக்கு வக்காலத்து வாங்கத்தான் போல!"

அக்காவின் புருஷன், மாமா, ஐஸ் லாரி ஓட்டுகிறவர். தங்கை அவரிடம் போய் மன்றாடினாள். "உங்க அக்கா பேச்சுக்கு நடுவுல நான் என்னிக்கும்மா போயிருக்கேன்?" என்று வண்டியைக் கிளப்பினார். சுகாதார நிலையத்து நர்ஸும் பெரிய மீன் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அக்காவின் உயரத்தை அடித்து அடித்து எழுதிக்கொண்டே சொன்னாள். அக்கா பதவிசாகத் தலையாட்டிவிட்டு, போகிற வழியில் ஐந்து பங்கையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தங்கை வாங்கிவந்த நெத்திலியைப் பூனை தின்றது. பூனை நன்றாகக் கொழுத்தது. எந்த வெயிலிலும் அதன் நீளம் மட்டும் மாறவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, தங்கையைத் தவிர.

ஒருநாள் ஒரு சுறாவுக்குப் பொய்யாகச் சரி என்று எழுதினாள். சுறா கப்பலேறியது. அன்று வீட்டில் பருப்பும் சோறும்தான். இரண்டு வாய் தின்றுவிட்டுத் தங்கை தட்டைத் தள்ளிவைத்தாள். கடலுக்கு அந்தப் பக்கமும் யாரோ ஒருத்தியின் அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருப்பாள். மறுநாள் வந்த சூரைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். எழுதியது கழுத்துத் துண்டாக அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. வேலையை எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாளோ அவ்வளவும் அக்கா வயிற்றுக்குள் போயிற்று. படித்து என்ன கிழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளேதான் கேட்டுக்கொண்டாள்.

குழந்தை உச்சிவெயிலில் பிறந்தது. பெண். மத்தியானத்தில் தொட்டிலின் இரு முனையும் தொடும். பொழுது சாய்ந்தால் துணி மடிப்புக்குள் தேடி எடுக்க வேண்டும். தெருவே வந்து பார்த்துவிட்டு, அம்மா ஜாடை என்று சொல்லிப் போனது. கைதட்டினால் குழந்தை திரும்பவில்லை. கிலுகிலுப்பையைக் கண்ணெதிரே ஆட்டினால், ஆட்டி நிறுத்திய பிறகு மெதுவாக அந்தப் பக்கம் பார்த்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் தொட்டுப் பார்த்து, பொறுத்துப் பார்க்கலாம் என்றார்கள்.

"எவ்வளவு அமைதியான புள்ளை பாரு! அழுறதே இல்லை. யாருக்குடி கிடைக்கும் இப்படி?" என்றாள் அக்கா. தங்கை கொல்லைப்பக்கம் போய், துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள்.

பால் கொடுக்கிற உடம்பு என்று ஐந்து பங்கும் வந்துகொண்டுதானிருந்தன. பிடுங்கி எறியலாம், எறிந்தால் நாளைக்கு ஒளித்துக் கொடுப்பார்கள். அன்பை எந்தக் கதவு போட்டுத் தடுப்பது? ஒருநாள் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பிட வருவதற்குள் தங்கை அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்து துண்டையும் முள் எடுத்து, ஒன்று விடாமல் தின்று முடித்தாள். அக்காவுக்குக் கோபமே வரவில்லை. கொட்டகை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்: "வேணாம் வேணாம்னவ இப்பச் சட்டியை வழிச்சுத் தின்னுறா!" மிஷினுக்குப் புத்தி வந்துவிட்டது என்று பெண்கள் மகிழ்ந்து, அடுத்தமுறை கொஞ்சம் பெரிதாகவே வெட்டி அனுப்பினார்கள். அதையும் அவளே தின்றாள். பிறகு வந்தவற்றையும்.

மறு கோடையில் தங்கை புதுச்சட்டை தைக்கத் துணியோடு போனாள். தையற்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலை அளவுக்கா, மத்தியான அளவுக்காம்மா?"

"மத்தியானத்துக்கே வைங்க," என்று கைகளை விரித்து நின்றாள்.