தபால்காரன் திருப்பி அடித்த இடம்

தணிக்கைக் குழுவிலிருந்து வந்த வெட்டுப் பட்டியலை எடிட்டர் அக்கா மூன்று முறை படித்துவிட்டாள். நாற்பத்தோரு வெட்டு. அடக் கடவுளே, படமே மொத்தம் நாற்பது காட்சிதான்!

படத்தை எடுத்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. ஏழு வருஷம் நாயாய் அலைந்து எடுத்த முதல் படம். வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வராவிட்டால் தியேட்டர் கைநழுவிப் போகும், அப்புறம் படம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கதை சின்னதுதான். ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகே கொடுக்க வேண்டும் என்று ஓர் அரசாங்கம் சட்டம் போடுகிறது. ஒரு தபால்காரன் மட்டும் மாட்டேன் என்கிறான். அடிக்கிறார்கள். கடைசியில் மேலதிகாரியின் கன்னத்தில் அவன் ஓங்கி ஓர் அறை விடுகிறான்.

“சட்டம் போடுறதை எடுத்துட்டாங்கக்கா. மாட்டேன்னு சொல்றதை எடுத்துட்டாங்க. முறைக்கிறதைக்கூட விடலை. அந்த அறையும் போச்சு,” என்றான் தம்பி. “அப்புறம் அவன் என்னத்துக்கு ஹீரோ?”

“அவனை அடிக்கிறது?”

“அது இருக்கலாமாம். அதிகாரி கடமையைச் செய்றாராம்.”

அக்கா பட்டியலை மறுபடி புரட்டினாள். நாயகன் எதைச் செய்தாலும் தடை, நாயகனை என்ன செய்தாலும் தடையே இல்லை. என்ன மூளை பாருங்கள்!

“அழாம உக்காருடா. அவங்க சொன்னதைச் சொன்னபடியே வெட்டித் தர்றேன்,” என்றாள்.

வெட்டினாள். தபால்காரன் எழுந்து பல் தேய்க்கிறான், அடி வாங்குகிறான். கடிதம் கொடுக்கிறான், அடி வாங்குகிறான். சாப்பிட உட்காருகிறான், தட்டோடு சேர்த்து உதைக்கிறார்கள். எதற்கு என்று படத்தில் எங்கேயும் இல்லை.

புதன்கிழமை குழுவுக்குப் படம் போட்டார்கள். தலைவர் வழக்கம்போல மனைவியையும் கூட்டி வந்திருந்தார், ஓசிப் படம் அல்லவா! முடிந்ததும், “ரொம்பக் கண்ணியமா இருக்கு,” என்று எழுந்தார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அழுதழுது கண் சிவந்திருந்தது.

“அந்தப் பிள்ளை என்னங்க தப்பு பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலை.”

“அப்புறம் ஏன் போட்டு அந்த அடி அடிக்கிறாங்க?”

காரணத்தை வெட்டச் சொன்ன மகராசன் தலைவர்தானே! அந்த அம்மா விருட்டென்று எழுந்து வெளியே நடந்தாள். சான்றிதழில் கையெழுத்துப் போடாமலே தலைவரும் பின்னால் போய்விட்டார். தம்பிக்குப் பாதி உயிர் அங்கேயே போயிற்று.

மறுநாள் காலை அக்காவுக்குப் போன் வந்தது. தலைவர்தான்.

“ஏம்மா, அந்த அறை… அழிச்சுட்டீங்களா? நேத்துலேருந்து வீட்ல எங்கிட்டப் பேச்சே இல்லை. சோத்தை வைக்கிறா, மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறா. அந்த அறையோட ஒரே ஒரு காப்பி, வீட்டுக்கு மட்டும்…”

ஒரு வார்த்தை பிசகினால் தம்பியின் ஏழு வருஷமும் பாழ்.

“வீட்டுக்குத் தனியா தர விதி இல்லை சார்,” என்றாள். “ஊருக்குக் காட்டினா வீட்டுக்கும் காட்டலாம்.”

சாயங்காலமே சான்றிதழ் வந்தது. அடியில் ஒரு குறிப்பு: ‘கன்னத்தில் ஓர் அறை அனுமதிக்கப்படுகிறது. சத்தம் அனுமதிக்கப்படவில்லை.’

“சத்தமில்லாம அடிச்சா அதுக்குப் பேரு தடவுறதுதானேக்கா!” என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. திரையில் அடி விழ விழ, ஏன் எதற்கு என்று தெரியாமலே கூட்டம் பல்லைக் கடித்தது. கடைசியில் தபால்காரன் கையை ஓங்கினான். கை கன்னத்தில் இறங்கியது. திரையில் ஒரு சத்தமும் இல்லை. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஒரு முறை கையைத் தட்டினார்கள், கூரையே அதிர்ந்தது. தம்பி அக்காவின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதான்.

அவர்களுக்கு முன்வரிசையில் தலைவரின் மனைவி, தட்டிச் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தலைவர் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.