கிணற்று நீச்சல்

அன்று காலை கண்மாய்க் கரையில் இருந்தவர்கள்: கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்த போட்டியாளர்கள், அவர்களைப் படம் பிடிக்க வந்த மனைவிமார், பிள்ளைகள், பரிசலில் இரண்டு மீனவர்கள், கொட்டாவி விட்டபடி ஆம்புலன்ஸ் டிரைவர், நேரம் பார்க்கும் பொறுப்பிலிருந்த பி.டி. டீச்சர் ஐரின், தண்ணீர் குடிக்க வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன எருமைகள். பொன்னழகுக்காக வந்தவர் யாருமில்லை.

அவன் யாரையும் கூப்பிடவும் இல்லை. எரியோட்டுப் பக்கத்துக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டான். மில்லில் நைட் ஷிப்டை விட்டான். தக்காளி போட்டு, விலை இறங்கியதும் பறிக்காமலே செடியோடு விட்டான். மனைவி புவனேஸ்வரியை மட்டும் அவன் விடவில்லை; அவளே பாலசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போட்டிக்குப் பெயர் கொடுத்ததைப் போனில் சொன்னபோது அவள் சிரிக்கக்கூட இல்லை.

“நீங்க எதைத்தானுங்க கடைசி வரைக்கும் செஞ்சிருக்கீங்க?”

“இதைச் செய்வேன்.”

“முடிச்சாக் கூப்பிடுங்க, வந்து உக்காந்து பேசலாமுங்க. முடிக்கலைன்னா கூப்பிடவே வேண்டாமுங்க.”

இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டியவனை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு வருடமாகத் தோட்டத்துக் கிணற்றில்தான் பழகினான். வட்டக் கிணறு. சுவரை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவான். தலையைத் தூக்கி வழி பார்க்க வேண்டியதில்லை. யாரும் எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். அது அவனுக்குத் தோதாக இருந்தது.

கண்மாயில் சுவர் இல்லை. அவன் உடம்புக்கு அது தெரியவில்லை. விசில் ஊதியதும் எல்லோரோடும் சேர்ந்து பாய்ந்தான். செத்த நேரத்தில் சுற்றிலும் கைகால் அடிக்கும் சத்தம் அடங்கிப்போனது. எல்லோரையும் முந்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கை போட்டான்.

“ஏலே அப்பு! எங்கிட்டுப் போற?”

தலையைத் தூக்கினான். எதிரே அல்லிக்கொடி. பக்கத்தில் பரிசல், அதில் அய்யனார் என்ற மீனவர் துடுப்போடு நின்றிருந்தார்.

“வழி காட்ட மெதக்க விட்ட மஞ்ச பலூனு அந்தா இருக்கு. நீ பூப் பறிக்கப் போறியா?”

திரும்பி நீந்தினான். மறுபடி வலது பக்கமே இழுத்தது. மறுபடி அய்யனார் கத்தினார்.

“வட்டம் போட்டுக்கிட்டே இருக்கியேப்பு. எங்க பழகுன?”

“கிணத்துல.”

பரிசலில் இருந்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பரிசலே ஆடியது. “அதான! இவன் அம்புட்டுத் தண்ணியையும் கிணறுன்னு நெனைச்சுட்டான்டா!”

பரிசலைத் தொட்டால் போட்டியை விட்டு வெளியே. அவன் தொடவில்லை. நாலு கைக்கு ஒருதரம் தலையைத் தூக்கி, கழுத்து வலிக்க வலிக்க மஞ்சள் பலூனைத் தேடிப் போனான். கெடு முடியும் தறுவாயில் கடைசி ஆளாகக் கரையேறினான். “ஓடுங்கண்ணே, ஓடுங்க!” என்று ஐரின் கத்தினாள்.

தண்ணீரில் தொலைத்த நேரத்தை வேடசந்தூர்ச் சாலையில் பிடிக்கப் பார்த்தான். லாரிகள் உரசிக்கொண்டு போயின. முன்னால் ஒரு சைக்கிளும் தெரியவில்லை. வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது. தொடை இரண்டும் கட்டையாகிப் போய்க் கண்மாயை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஐரின் கையை நீட்டி மறித்து நின்றாள்.

“டைம் முடிஞ்சுபோச்சுண்ணே.”

“எம்புட்டு நேரமாச்சு?”

“பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷந்தான டீச்சர்.”

“ஒரு நிமிஷம்னாலும் அதேதாண்ணே. நம்பரைக் கழட்டிக் குடுங்க.”

கழற்றிக் கொடுத்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். குனிந்து ஓட்டத்துக்கான ஷூவை மாட்டினான்.

“எங்கண்ணே?”

“ஓடிட்டு வாரேன்.”

“இனி கணக்குல சேராதுண்ணே. நாங்க சாயங்காலம் கிளம்பிருவோம்.”

“கிளம்புங்க.”

சாலையில் தண்ணீர் கொடுத்த மேசைகளை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏப்பா, எல்லாரும் போய் எந்நேரமாச்சு! பஸ்ஸ விட்டுட்டியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். வாய் காய்ந்து உதடு ஒட்டிக்கொண்டது. ஒரு பம்புசெட்டில் வாய் வைத்துக் குடித்தான்.

திரும்ப வேண்டிய இடத்தில் வைத்திருந்த பலகையையும் எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. இங்கேயே திரும்பினாலும் கேட்க நாதியில்லை. அவன் பாலத்தைத் தாண்டி, சந்தேகம் தீரும் வரைக்கும் ஓடிவிட்டுத்தான் திரும்பினான். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். பாதி தூரம் நடந்தான் என்றும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெரிய கேட் சாத்தியிருந்தது. வாட்ச்மேன் சிலுவைமுத்து, சர்ச் பூசைக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

“அந்தச் சைக்கிளும் பையும் ஒன்னுதுதானா? ஒனக்காகத்தேன் காத்துக் கெடக்கேன்.”

“உள்ள போய் முடிச்சுட்டு வந்துர்றேண்ணே.”

“என்னத்த?”

“போட்டிய.”

“அதான் முடிஞ்சுபோச்சே. பந்தலுகூடப் பிரிச்சாச்சு.”

அவன் கேட்டை விட்டு நகரவில்லை. சிலுவைமுத்து சலித்துக்கொண்டே கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டார். மைதானத்தில் வாழைப்பழத் தோலும் காலிப் பாட்டில்களும் கிடந்தன. பந்தயம் முடியும் இடத்தில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டில் பாதியை மிதித்தே அழித்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதியைப் பார்த்து ஓடி, தாண்டினான். ஒரு காக்கை எழும்பி உட்கார்ந்தது. அவ்வளவுதான்.

பையிலிருந்து போனை எடுத்துக் கூப்பிட்டான்.

“முடிச்சுட்டீங்களா?” புவனேஸ்வரியின் குரல் ஒரு நொடி உயர்ந்தது.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் விசாரிக்கப் போவதில்லை.

“முடிச்சேன். ஆனா கெடு தாண்டிருச்சு. நம்பரப் பாதியிலயே வாங்கிட்டாங்க. சும்மா ஓடி முடிச்சேன்.”

அங்கே பாத்திரம் விழுகிற சத்தம்.

“அப்ப அது முடிச்சதாகாதுங்களே.”

“எனக்கு ஆகும்.”

விழுந்த பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சாப்டீங்களா?” என்றாள்.

“இல்ல.”

“சாப்புடுங்க. வெச்சர்றேனுங்க.”

“ஏப்பா, பூசை ஆரம்பிச்சுருவாங்க!” என்றார் சிலுவைமுத்து.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குனிந்து வெளியே வந்தான். அவனுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, அவர் பூட்டைப் போட்டார்.