வராதவள் தினமும் வந்தாள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய வரவு இடாப்பு, அதாவது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு, ஒன்று கையில் கிடைத்தது, அதில் ஒரு பெயருக்கு நேரே அறுபத்தொரு நாள் ‘வரவில்லை’ என்று சுழி போட்டிருந்தது என்று தொடங்கத்தான் ஆசை. அப்படி ஒரு இடாப்பும் கிடைக்கவில்லை. கட்டம் போட்டதும் நான், சுழித்ததும் நான்.

2

1922. மலைநாட்டில் ஹாலிஎல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வாத்தியார் வீரசிங்கம் பெரிய கொடுமைக்காரர், பிரம்பைக் கையில் எடுத்தால்—

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் மனுஷர் நல்லவர். பிள்ளைகள் இருமினால் தமக்கு வைத்த கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பவர்.)

அவர் வைத்தது ஒரே ஒரு சட்டம். பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். தோட்டத்துப் பேச்சில் சொன்னால் வராத கணக்கு. ஒரு வாரத்தில் எல்லாரும் பழகிவிட்டார்கள், பத்து வயது கருப்பம்மாவைத் தவிர. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவள் அப்பன் வீரய்யா எப்படிக் குனிந்து பதில் சொல்வானோ, அப்படியே அவளும் குனிந்து சொல்வாள்.

“இருக்கேங்க சாமி.”

[பிடிவாதக்காரியா? அப்படி இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். பாவம், அதுதான் மரியாதை என்று நினைத்தாள். சுழி விழுவதே அவளுக்குத் தெரியாது.]

3

பரீட்சை வைக்கப் பள்ளிப் பரிசோதகர் வரப்போவதாகக் கடிதம் வந்ததும் வீரசிங்கம் வரவைக் கூட்டிப் பார்த்தார். பரீட்சைக்கு நிற்கக் கருப்பம்மாவுக்கு நாள் போதவில்லை. அன்றைக்கென்று வீரய்யா வந்து நின்றான்.

“பாஸாயிட்டா படிக்கட்டுங்க சாமி. இல்லேன்னா திங்கக்கெழமையிலேருந்து கொழுந்துக்குப் போகட்டும்.”

வாத்தியார் இடாப்பை மறுபடி புரட்டினார். இடாப்பைத் திருத்தினால் வேலை போய்விடும். திருத்தாவிட்டால் அந்தப் பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

4

ஒரு முடிவு: பிளேடால் சுழிகளைச் சுரண்டிவிடுகிறார். வேண்டாம், பிடிபடுவார்.

இன்னொரு முடிவு: கூரை ஒழுகி இடாப்பு நனைந்து... சே, மழையை நம்பியா கதை எழுதுவது.

சரி, இப்படி நடக்கட்டும். பரிசோதகர் இடாப்பை வாங்கித் தாமே கூப்பிட்டார்.

“கருப்பம்மா.”

“இருக்கேங்க சாமி.”

“இவள் மூன்று மாதமாக வரவில்லை என்று இருக்கிறதே?”

வீரசிங்கம் பதறி முன்னே வந்தார். “ஐயா, அவள் ஒரு நாளும் வராமல் விடேல்லை. என்ரை பிழைதான். அவளின்ரை பேச்சுக்கு வரவில்லை எண்டு போட்டனான்.”

பரிசோதகர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படியானால் உமக்கு இன்றைக்கு வரவு போடலாமா, வாத்தியாரே?”

பதற்றத்தில் தம் ஊர்ப் பேச்சு வாயில் வந்துவிட்டது அப்போதுதான் வீரசிங்கத்துக்கு உறைத்தது. தலை குனிந்தார்.

பரிசோதகர் சுழிகளைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். புத்தகத்தைக் கருப்பம்மாவிடம் நீட்டினார். அவள் தடங்கலில்லாமல் வாசித்தாள். பாஸ். வீரசிங்கம் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு, எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

5

திங்கட்கிழமை காலை. கருப்பம்மா கூடையில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். வாத்தியார் அவள் பெயரைக் கூப்பிடுகிறார். அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்த மாதிரி நீங்களே சொல்ல வையுங்கள். ஆனால் அவள் எப்படிச் சொன்னாலும், வந்ததாகத்தான் போட வேண்டும்.